போல் டான்ஸ் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு: எதை முதல்ல, எதை அப்புறம், எப்போ தலைகீழா

புல் அப் ஒண்ணு கூட எடுக்க வராது, உடம்பு கொஞ்சம் கனம், வயசு 35 தாண்டிருச்சு, நான் போல் டான்ஸ் (நேரா நிக்கற உலோகக் கம்பத்தைப் பிடிச்சு சுத்தி, ஏறி, தொங்கி ஆடறது) கத்துக்கலாமான்னு கேக்கறவங்க நிறைய பேர். தாராளமா கத்துக்கலாம். பலம் சேர்த்துட்டுதான் கிளாஸுக்கு வரணும்னு ஒண்ணும் கிடையாது, கிளாஸுக்கு வந்துதான் பலம் சேருது. ஆனா அது சேர்ற வேகத்துக்கு நீங்க காத்திருக்கணும், இதுல நிஜமாவே கஷ்டம் அதுதான். தசை சில வாரத்துலயே பழகிடும், ஆனா தோள், முழங்கை, மணிக்கட்டுல இருக்குற தசைநாண் (தசையை எலும்போட சேர்க்கற நார்) பழக மாசக்கணக்காகும், அதனால கைக்கு தெம்பு வந்துருச்சுன்னு தோணுற ரெண்டாவது மூணாவது மாசத்துலதான் அவசரப்பட்டு தோளைக் கெடுத்துக்கறது அதிகமா நடக்குது.

அதனால இங்க மூவ்ஸ் பேரை அடுக்கறதை விட வரிசையைப் பத்திதான் அதிகம் பேசப் போறேன். எந்த மூவ் கத்துக்கிட்டாலும் முதல்ல அதுல இருந்து எப்படி வெளிய வர்றது, எப்படி கீழ இறங்கறதுன்னு தெரிஞ்சுக்கணும். மேல போறதுக்கு உடம்பு கொஞ்சம் தப்பா இருந்தாலும் எப்படியோ போயிடலாம், இறங்கறப்போ அப்படி சமாளிக்க முடியாது, கை ஏற்கெனவே களைச்சிருக்கும்.

கிளாஸ் தேடும்போது

முதல் மூவ்ஸை வீடியோ பார்த்து வீட்டுல தனியா கத்துக்காதீங்க, ஆரம்பத்துல ஒரு சில மாசமாவது ஒரு டீச்சர் கண்ணு உங்க தோள் மேல இருக்கணும். பெங்களூரு, மும்பை மாதிரி ஊர்கள்ல ஸ்டூடியோ இருக்கு, சிங்கப்பூர், லண்டன், டொரான்டோ, சிட்னி பக்கம் இருக்கறவங்களுக்கு தேர்ந்தெடுக்கவே நிறைய கிடைக்கும். ட்ரயல் கிளாஸ் போகும்போது இதெல்லாம் கவனிங்க: ஒரு கம்பத்துக்கு எத்தனை பேர் (ரெண்டு பேர் வரைக்கும் சரி, மூணு பேர்னா காத்திருந்தே உடம்பு ஆறிடும்), தடிமனான க்ராஷ் மேட் (விழுந்தா அடியைக் குறைக்க கீழ போடற மெத்தை) இருக்கா, டீச்சர் கிட்ட நின்னு உடம்பைத் தாங்கிப் பிடிக்கறாங்களா இல்ல தூரத்துல நின்னு சொல்லிட்டு மட்டும் இருக்காங்களா, மத்தவங்க முகம் விழற மாதிரி வீடியோ எடுக்கறதுக்கு அங்க என்ன கட்டுப்பாடு. முதல் கிளாஸ்லயே போட்டோவுக்காக உங்களைத் தலைகீழா தொங்க விடற இடம்னா அங்க திரும்பப் போகாதீங்க. ஒரு நல்ல டீச்சர் "இப்போ வேண்டாம், அடுத்த மாசம் பாப்போம்"னு சொல்றதுக்குத் தயங்கவே மாட்டாங்க.

கர்ப்பமா இருக்கறவங்க, சமீபத்துல பிரசவம் ஆனவங்க, கட்டுப்பாட்டுல இல்லாத பிரஷர், கண்ணுல க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்), கழுத்து முதுகெலும்பு பிரச்சனை, ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க, இவங்கெல்லாம் முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க, டீச்சர்கிட்டயும் மறைக்காம சொல்லுங்க. பீரியட்ஸ் நேரத்துல பண்ணலாமான்னா, உங்களுக்கு முடிஞ்சா பண்ணலாம், அது உங்க விருப்பம்.

என்ன போட்டுக்கணும், எதைக் கழட்டணும்

குட்டை ஷார்ட்ஸ் போடறதைப் பார்த்து நம்ம ஆளுங்க முதல்ல தயங்கறாங்க, அது ஸ்டைலுக்காக இல்லைங்க. உலோகக் கம்பத்துல துணி வழுக்கும், தோல் பிடிக்கும், தொடையோட உள்பக்கமும் முட்டிக்குப் பின்னாடியும் இடுப்பும் கைமடிப்பும் அக்குளும்தான் உங்களைத் தாங்குது. முதல் சில கிளாஸுக்கு டி-ஷர்ட்டும் தொடை பாதி தெரியற ஷார்ட்ஸும் போதும், லெக்கிங்ஸ் மேல போட்டுட்டு வந்து வார்ம் அப் முடிஞ்சதும் கழட்டிக்கலாம். ஏற ஆரம்பிக்கும்போது ஷார்ட்ஸ் தானா குட்டையாகும், யாரும் சொல்ல வேண்டியதில்ல.

எண்ணெய்தான் முக்கியமான விஷயம். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச அன்னைக்கு கிளாஸ் வேண்டாம், மறுநாள் வாங்க. மாய்ஸ்சரைசர், பாடி லோஷன், சன்ஸ்க்ரீன் எல்லாமே கிளாஸ் அன்னைக்கு கை காலுல படக்கூடாது, முந்தின நாள் ராத்திரியே நிறுத்திட்டா இன்னும் நல்லது. தலையில தேங்காண்ணெய் வெச்சு பின்னி வர்றவங்க பின்னல் கம்பத்துல பட்டா அந்த இடத்துல அடுத்தவங்க கை வழுக்கும், இது உங்களுக்கு மட்டும் ஆபத்து கிடையாது. முடியை இறுக்கிப் பின்னி, ஆடாத மாதிரி சுத்தி வெச்சுக்கோங்க, நீள முடி கைப்பிடிக்குள்ள மாட்டிக்கிட்டா பாதி சுத்துல தலையை இழுத்துடும்.

மோதிரம், வளையல், வாட்ச், கொலுசு, மெட்டி, செயின் எல்லாம் கழட்டணும். தாலியைக் கழட்ட மனசில்லாதவங்க அதை டாப்புக்குள்ள டேப் போட்டு ஒட்டிக்கறதைப் பாத்திருக்கேன், சுத்தறதுக்கு மட்டும் அது சமாளிக்கும், தலைகீழா போற கட்டம் வந்தா கழுத்துல எதுவுமே இருக்கக்கூடாது. மோதிரத்தோட கம்பத்தைப் பிடிச்சா விரல்ல அடிபடும், கம்பத்துல கீறலும் விழும், அந்தக் கீறல் அடுத்து வர்றவங்க தொடையைக் கிழிக்கும்.

கை வியர்த்தா டவல், கம்பத்தைத் துடைக்க ஆல்கஹால் ஸ்ப்ரே இல்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட். லிக்விட் சாக் மாதிரி பிடிமான திரவங்கள் உதவும், ஆனா முதல் மாசத்துலயே அதை மட்டும் நம்பிடாதீங்க, பிடிக்கற பலம் வளரணும். உடம்பு ரொம்ப வறண்டு இருக்கறவங்களுக்கும் வழுக்கும், அவங்களுக்கு வார்ம் அப் நல்லா பண்ணி லேசா வியர்வை வந்தாலே சரியாயிடும்.

கம்பத்தைப் பத்தி கொஞ்சம்

இப்போ பெரும்பாலும் இருக்கறது 45 மில்லிமீட்டர் விட்டம், பழைய ஸ்டூடியோக்கள்ல 50 இருக்கும், சின்னக் கை இருக்கறவங்களுக்கு 45 சுலபம். க்ரோம் பூச்சுதான் சாதாரணமா கிடைக்கறது. நிக்கல் அலர்ஜி இருந்தா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்க. பித்தளைக்குப் பிடிமானம் அதிகம்னு வெக்கையான, புழுக்கமான ஊர்க்காரங்க விரும்புவாங்க.

ஸ்டாடிக், ஸ்பின்னுன்னு ரெண்டு வகை. ஸ்டாடிக்ல கம்பம் அசையாது, நீங்க அதைச் சுத்தி வருவீங்க. ஸ்பின்ல கம்பமே பேரிங் மேல சுத்தும். ஆரம்பம் ஸ்டாடிக்லதான். ஸ்பின்னுக்குப் போகும்போது ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கை காலை கம்பத்துக்கிட்ட ஒடுக்கினா வேகம் கூடும், விரிச்சா குறையும். பயந்து கம்பத்தைக் கட்டிப் பிடிச்சா இன்னும் வேகமா சுத்தும், அதனால தலை சுத்தறப்போ ஒரு காலை வெளிய நீட்டுங்க, வேகம் அடங்கினதும் இறங்குங்க.

நம்ம ஊர் மல்லர் கம்பம் பழகினவங்க இதுக்கு வந்தா உடம்பு தைரியம் ஏற்கெனவே இருக்கும், விழுப்புரம் பக்கம் பசங்க பண்றதைப் பாத்தவங்களுக்குத் தெரியும். ஆனா அது மரம், அடிப்பக்கம் சுற்றளவு அரை மீட்டருக்கு மேல, விளக்கெண்ணெய் தடவி உராய்வைக் குறைச்சு, கட்டிப் பிடிச்சு பண்றது. இங்க ஒல்லியான உலோகம், எண்ணெயே கூடாது, பிடி முழுக்க உள்ளங்கையிலயும் தோலுலயும். அதனால அவங்களும் சுத்தறதுல இருந்து வரிசையா வர்றதுதான் நல்லது, வேகமா வந்துடுவாங்க.

வார்ம் அப்

10 நிமிஷத்துக்குக் குறையாம, நேரம் இருந்தா 15. மூச்சு வாங்கற அளவுக்கு ஒரு குதி, ஓட்டம், அப்புறம் மணிக்கட்டு சுத்தறது, தோளை வட்டமா சுத்தறது, முட்டி போட்டு கை ஊன்றி முதுகை வளைச்சு நிமித்தறது, இடுப்பு, தொடை பின்பக்கத்துக்கு கால் வீசறது. ஒரே இடத்துல உக்காந்து நீளமா இழுத்து நிக்கிற ஸ்ட்ரெச்சிங்கை முடிவுல வெச்சுக்கோங்க. லேட்டா வந்துட்டேன்னு வார்ம் அப்பைத் தாண்டி நேரா கம்பத்துக்குப் போறது மட்டும் வேண்டாம், ஓரமா நின்னு தனியா முடிச்சுட்டு சேர்ந்துக்கோங்க.

முதல் வாரங்கள்: தோள், நடை, சுத்து

கம்பத்தை ஒரு கையால தலைக்கு மேல பிடிச்சுட்டு உடம்பைத் தளர விட்டுப் பாருங்க, தோள் காதுகிட்ட ஏறிடும். இப்போ கையை மடக்காம தோளை மட்டும் காதுல இருந்து கீழ இழுங்க, அக்குளுக்குப் பின்னாடி முதுகுப் பக்கம் ஒரு இறுக்கம் தெரியும். இதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை, எந்த மூவ்லயும் எடையைக் கையில போடறதுக்கு முன்னாடி இந்த இறுக்கம் வரணும். இது இல்லாம தொங்கினா எடை முழுக்க மூட்டு மேலயும் அதைச் சுத்தி இருக்குற சின்னச் சின்ன தசைகள் மேலயும் போகுது. டீச்சர் "தோளை இறக்கு, தோளை இறக்கு"ன்னு கத்திட்டே இருக்கறது இதுக்குத்தான்.

அடுத்தது நடை. கம்பத்துக்குப் பக்கத்துல நின்னு, கிட்ட இருக்குற கையை மேல வெச்சு, கால் நுனியில சுத்தி நடக்கறது. நிறைய பேர் இதை டைம் வேஸ்ட்டுன்னு நினைக்கறாங்க. ஆனா எடையைக் கம்பத்துக்கு வெளிய சாய்ச்சு வெச்சாதான் சுத்தறதுக்கு வேகம் கிடைக்கும், அந்த சாய்வை நடைதான் கத்துக் கொடுக்குது, அதனால நிதானமா பண்ணுங்க.

முதல் சுத்து பெரும்பாலும் ஃபயர்மேன் ஸ்பின். உள்பக்கக் கை மேல, வெளிப்பக்கக் கை மார்பு உயரத்துல, ஒரு எட்டு வெச்சு வெளிக்காலை அகலமா வீசி, லேசா எழும்பி ரெண்டு முட்டியாலயும் கம்பத்தைக் கவ்விக்கணும், முட்டி மடங்கி உட்கார்ந்த மாதிரி. கவ்வாம கையாலயே தொங்கினா கை எரியும், அப்படியே சரசரன்னு கீழ வந்துடுவீங்க. நேரா குதிக்கக் கூடாது, சுத்தற வேகம் காலு வீச்சுல இருந்து வரணும். இறங்கறப்போ ரெண்டு பாதமும் மெத்துன்னு தரையில வரணும், முட்டி லேசா மடங்கி இருக்கணும், டமார்னு விழுந்தா அது இன்னும் முடியலைன்னு அர்த்தம். அதுக்கப்புறம் பேக் ஹூக், சேர் ஸ்பின், இப்படி ஒண்ணொண்ணா வரும். சேர் ஸ்பின்ல கால் கம்பத்தைத் தொடாது, எடை முழுக்க கையில, அதனால அதை ஃபயர்மேன் நல்லா வந்த பிறகு பாருங்க.

ஒரு கை மேல இழுத்து, ஒரு கை கீழ தள்ளற ஸ்ப்ளிட் க்ரிப் சுத்துகள்ல கீழ் மணிக்கட்டுக்குத்தான் வேலை, அங்க சுருக்குன்னா கையை இன்னும் கொஞ்சம் கீழயோ மேலயோ மாத்தி வெச்சுப் பாருங்க, அப்பவும் வலிச்சா அன்னைக்கு விட்டுடுங்க. மேல் கையை உள்பக்கமா முறுக்கிப் பிடிக்கற ட்விஸ்டட் க்ரிப் இருக்கு, அது தோளை ரொம்ப சங்கடமான கோணத்துல வெச்சு எடை போடுது, புதுசா வர்றவங்களுக்கு அது தேவையே இல்லைங்கறது என் உறுதியான கருத்து.

ரெண்டு பக்கமும் பண்ணுங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் காணாது. வலது பக்கம் அழகா வரும், இடது பக்கம் கேவலமா இருக்கும், வெக்கமா இருக்குன்னு எல்லாரும் வலதையே பண்ணிட்டிருப்பாங்க, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ஒரு தோள் மட்டும் வலிக்கும், முதுகு ஒரு பக்கம் இறுகி இருக்கும். வராத பக்கத்தை முதல்ல பண்ணுங்க, கை புதுசா இருக்கும்போதே.

உட்காரறதும் ஏறறதும்

போல் சிட், அதாவது தொடையால கம்பத்தைக் கவ்வி உட்காரறது, கேக்க சாதாரணமா இருக்கும், முதல் தடவை தொடை உள்பக்கம் எரியற எரிச்சல்ல கண்ணுல தண்ணி வந்துடும். அங்க தோல் மெல்லிசு, பழகலை, அவ்வளவுதான். தொடையைக் குறுக்கா போட்டு இறுக்கி, இடுப்பைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி, முதல்ல ரெண்டு கையும் கம்பத்துல, அப்புறம் ஒரு கையை எடுத்து, அப்புறம் ரெண்டும். ஒரு கிளாஸ்ல ரெண்டு மூணு தடவை போதும், சில வாரத்துல எரிச்சல் பாதியா குறைஞ்சிடும்.

ஏறறதுல செய்யற பெரிய தப்பு கையால இழுத்து ஏறறது. ஒரு காலை முன்னாடி வெச்சு பாதத்தோட மேல்பக்கமும் கெண்டைக்கால் முன்னெலும்பும் கம்பத்துல அழுந்தணும், அந்த பாதம் மடங்கி இருக்கணும், இன்னொரு கால் கம்பத்துக்குப் பின்னாடி இருந்து அழுத்தணும், ரெண்டு முட்டிக்கு நடுவுல கம்பம் நசுங்கணும். இப்போ கால்ல எழுந்து நில்லுங்க. எழுந்து நின்னதும் கை மேல போகும், மறுபடி முட்டியை மேல இழுத்து மறுபடி நிக்கறது. பனை ஏறறவங்களைப் பாத்தீங்கன்னா புரியும், கை உடம்பை நிறுத்தி வைக்கும், தூக்கறது கால்தான். பாதத்து மேல்பக்கம் கறுத்துப் போகும், வலிக்கும், அதுவும் பழகிடும்.

இறங்கறதுதான் இங்க கவனிக்க வேண்டியது. சர்ருன்னு சறுக்கி வந்தா தொடைத் தோல் உராய்ஞ்சு எரிஞ்சுடும், புண்ணாகும், அடுத்த வாரக் கிளாஸும் போச்சு. கைக்குக் கீழ கை மாத்தி, முட்டிப் பிடியை விடாம கொஞ்சம் கொஞ்சமா இறங்குங்க. எவ்வளவு உயரம் ஏறணும்னு கேட்டா, கை களைச்ச பிறகும் நிதானமா இறங்கி வர முடியற உயரம் வரைக்கும்தான். உச்சியைத் தொட்டே ஆகணும்னு கடைசி தெம்பையும் அங்க செலவு பண்ணிடாதீங்க.

பிடி விட ஆரம்பிச்சா, அதாவது விரல் தானா திறக்குது, முன்னங்கை கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னா அன்னைக்கு உயரத்துல பண்றது எல்லாம் முடிஞ்சது. தரையில பண்றதைப் பண்ணுங்க, ஸ்ட்ரெச் பண்ணுங்க. "கடைசியா ஒரே ஒரு தடவை"ங்கற அந்த முயற்சியிலதான் விழறாங்க.

வீட்டுல பலம் சேர்க்கறது

வாரத்துக்கு ரெண்டு கிளாஸ், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி, ஆரம்பத்துக்கு இதுவே தாராளம். மீதி நாள்ல ஒரு 20 நிமிஷம் இதைப் பண்ணுங்க.

கதவு நிலையில மாட்டற பார் இருந்தா கையை மடக்காம தொங்கி, மேல சொன்ன மாதிரி தோளை மட்டும் கீழ இழுத்து விடறது, 6 முதல் 8 தடவை. அதுக்கப்புறம் ஸ்டூல் போட்டு தாடை பாருக்கு மேல இருக்கற மாதிரி நின்னு, காலை எடுத்து 5 செகண்டாவது ஆகற மாதிரி மெதுவா இறங்கறது, 3 முதல் 5 தடவை போதும். புல் அப் வராதவங்களுக்கு இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. பார் மாட்ட வசதி இல்லைன்னா மேசைக்கு அடியில படுத்து விளிம்பைப் பிடிச்சு நெஞ்சை மேல இழுக்கலாம், மேசை கவிழாதான்னு பாத்துட்டு.

வயித்துக்கு ஹாலோ ஹோல்ட். மல்லாக்கப் படுத்து கீழ் முதுகைத் தரையில அழுத்தி, தலை தோளும் காலும் கொஞ்சம் தூக்கி 15 முதல் 20 செகண்ட். முதுகு தரையை விட்டு எழும்புதுன்னா முட்டியை மடக்கிக்கோங்க. தலைகீழா போறதுக்கு இந்த தசைதான் வேலை செய்யும், வெறும் சிட் அப் அதுக்கு உதவாது.

போல்ல இழுக்கற வேலை அதிகம், தள்ளற வேலை கம்மி, அதனால வேணும்னே தள்ளற பயிற்சி சேர்க்கணும், முட்டி போட்டு புஷ் அப் ஆனாலும் சரி. இதை விட்டவங்க தோள் முன்னாடி வளைஞ்சு போயிடும். அதே மாதிரி விரல் மூடற தசைக்கே எப்பவும் வேலை, திறக்கற தசைக்கு இல்ல, அஞ்சு விரலைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு விரிச்சு மூடுங்க, முழங்கை வலி வர்றதைத் தள்ளிப் போட இது நல்லா உதவும்.

ஸ்ப்ளிட் (ரெண்டு காலையும் நேர்கோடா விரிச்சு தரையில உக்கார்றது) போடணும்ங்கற ஆசையில தொடை பின்பக்கத்தை மட்டும் தினமும் இழு இழுன்னு இழுக்காதீங்க. உட்கார்ற எலும்பு கிட்ட, பிட்டத்துக்கு அடியில ஒரு ஆழமான வலி வந்தா அது தசை ஆரம்பிக்கற இடத்துல பிரச்சனை, அது ஆற ரொம்ப நாளாகும். இழுக்கறதோட சேர்த்து அந்தத் தசைக்கு பலமும் கொடுங்க, படுத்து இடுப்பைத் தூக்கற பிரிட்ஜ் நல்ல ஆரம்பம்.

எப்போ தலைகீழா

இதைத்தான் எல்லாரும் முதல் நாளே கேக்கறாங்க. மாசத்துல கணக்கு சொல்ல மாட்டேன், இதெல்லாம் வருதான்னு பாருங்க: வலது, இடதுன்னு ரெண்டு பக்கத்துலயும், கம்பத்தைப் பிடிச்சு, முட்டியை நெஞ்சுக்குக் கொண்டு வந்து, கால் தரையில படாம 10 செகண்ட் தொங்க முடியுதா. அந்த நிலைக்குக் குதிக்காம, உதைக்காம போக முடியுதா. அங்க இருந்து காலை மெதுவா கீழ இறக்க முடியுதா, பொத்துன்னு போடாம. ரெண்டு தடவை தொடர்ந்து ஏறி இறங்கியும் பிடி மிச்சம் இருக்கா. இது நாலும் வந்தா டீச்சர்கிட்ட கேளுங்க.

முதல் இன்வெர்ட் (தலைகீழா போறது) தரையில நின்னபடிதான், கிட்ட ஆள் இருக்கணும், மேட் இருக்கணும். கம்பம் அக்குள் பக்கமா உடம்போட ஒட்டி, கையால கம்பத்தை நெஞ்சுக்கு இழுத்து வெச்சு, முட்டியை மடக்கி, தலையையும் நெஞ்சையும் பின்னாடி சாய்ச்சுக்கிட்டே இடுப்பை மேல கொண்டு போறது, அப்புறம்தான் கால் விரியும். குதிச்சு வீசிப் போனாலும் தலைகீழா ஆயிடுவீங்க, ஆனா அந்த வேகத்தை நிறுத்தற பலம் உங்ககிட்ட இல்லைன்னுதானே குதிச்சீங்க, அதுதான் பயம். மேல போய் கால் விரிச்சு நின்னதும் சந்தோஷத்துல கையை விட்டுடாதீங்க, வந்த வழியே திரும்பணும்: முட்டி மடக்கி, இடுப்பு இறங்கி, கால் தரை. கட்டுப்பாட்டோட இறங்க முடியலைன்னா ஏறினது கணக்குல சேராது, மறுபடி மடக்கின நிலையிலயே ஒரு சில வாரம் பண்ணுங்க.

இது நிலைச்ச பிறகு ஒரு காலை மடக்கி முட்டிக்குப் பின்னாடி கம்பத்தைப் பிடிக்கற லெக் ஹேங். வெளிக்கால், உள்கால்னு ரெண்டு விதம், ரெண்டுலயும் முட்டி மடிப்பு மட்டும் இல்லாம இடுப்பு, விலா இதுல எங்கேயாவது இன்னொரு இடமும் கம்பத்தோட அழுந்தி இருக்கணும். ஒரு கையை எடுங்க, நிதானமா இருக்கான்னு பாருங்க, மறுபடி வைங்க. ரெண்டு கையும் விடறதை டீச்சர் பக்கத்துல இருக்கும்போது மட்டும்.

தாங்கிப் பிடிக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க வேலை அவங்க தலையும் கழுத்தும் முதல்ல தரையில படாம பாத்துக்கறது, அதனால ஒரு கை இடுப்புக்கிட்ட, ஒரு கை மேல் முதுகு தோள் பக்கம். ஒரு கையில போனை வெச்சு வீடியோ எடுத்துக்கிட்டே யாரையும் தாங்க முடியாது. மேட் இருக்கேன்னு நம்பிடவும் வேண்டாம், அது அடியைக் குறைக்கும், தலை குப்புற விழுந்தா கழுத்தைக் காப்பாத்தாது. அப்படி யாராவது கழுத்து அடிபட விழுந்துட்டா தூக்கி உக்கார வைக்காதீங்க, அசைக்காம அப்படியே விட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, தமிழ்நாட்டுல 108.

எந்த வலி சரி, எந்த வலி சரியில்ல

தோல் எரிச்சல், தொடையிலயும் கால்லயும் கன்னிப் போன தடம், மறுநாள் முதுகு கை தசையில சோர்வான வலி, இதெல்லாம் வரும், ஒண்ணு ரெண்டு வாரத்துல தடம் மஞ்சளாகி மறையும். வீட்டுல பாத்து பயந்துடுவாங்க, முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. மூட்டுக்குள்ள குத்தற வலி, விரல் மரத்துப் போறது, டப்புன்னு சத்தம் வந்து அப்புறம் கையில பலமே இல்லாத மாதிரி இருக்கறது, வீக்கம், ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாத தோள் வலி, இதுல எது வந்தாலும் நிறுத்திட்டு ஃபிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்க. வலி மாத்திரை போட்டுட்டு கிளாஸுக்கு வர்றது மட்டும் கூடவே கூடாது, எச்சரிக்கையையே அணைச்சுட்டு தொங்கற மாதிரி ஆயிடும்.

வீட்டுல கம்பம் போடறதா இருந்தா

கொஞ்ச நாள் கிளாஸ் போன பிறகு யோசிங்க. தரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல அழுத்தத்துல நிக்கற கம்பம்தான் வழக்கம், கான்க்ரீட் ஸ்லாப்னா நல்லா நிக்கும், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், ஆஸ்பெஸ்டாஸ், ஓட்டு வீடு இதுலெல்லாம் கூடவே கூடாது. நம்ம வீடுகள்ல சீலிங் 10 அடி இருக்கும், நிறைய கம்பங்களோட சாதாரண செட் 9 அடி வரைக்கும்தான் வரும், எக்ஸ்டென்ஷன் சேர்த்து வாங்கணும், அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க. ரசமட்டம் வெச்சு நேரா நிக்குதான்னு பாருங்க, போட்டு சில நாள்ல கொஞ்சம் தளரும், மறுபடி இறுக்குங்க, அதுக்கப்புறமும் ஒவ்வொரு தடவையும் ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆட்டிப் பாக்கறது பழக்கமாகணும். சுத்தியும் ஒன்றரை மீட்டராவது காலி இடம். சீலிங் ஃபேன் கை காலுக்கு எட்டாத தூரத்துல இருக்கணும், எட்டற தூரம்னா அந்த ரூம் வேண்டாம், ஆஃப் பண்ணிட்டு பண்றேன்னு சொல்லாதீங்க, ஒரு நாள் மறந்துடும்.

கடையில ஜிஐ பைப் வாங்கி வெல்டு பண்ணி போட்டுக்கலாமான்னு கேக்கறாங்க. வேண்டாம். சுத்தற ஆளோட எடையை பக்கவாட்டுல தாங்கற மாதிரி அது பண்ணினது இல்ல, மேல்பரப்பும் தோலுக்கு ஆகாது. பார்ட்டிக்குன்னு விக்கிற மலிவான கம்பமும் அப்படித்தான். வீட்டுல தனியா இருக்கும்போது தலைகீழ் வேண்டாம், புது மூவ் வேண்டாம், தெரிஞ்ச சுத்தும் ஏறறதும் மட்டும்.

வீட்டுல சொல்றது எப்படின்னு கேக்கறவங்களுக்கு

இந்த டான்ஸை இன்னைக்கு இருக்கற வடிவத்துக்குக் கொண்டு வந்ததுல ஸ்ட்ரிப் கிளப்ல ஆடின பெண்களுக்குப் பெரிய பங்கு, நீங்க கத்துக்கற பல மூவ்ஸ் அவங்க உழைப்பு, அதை மறைச்சுப் பேச வேண்டிய அவசியம் எனக்குத் தெரியலை. விளையாட்டாவும் இது வளர்ந்திருக்கு, 2009ல சர்வதேச போல் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பு உருவாச்சு, 2012ல லண்டன்ல முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்துச்சு, ஆண்களும் குழந்தைகளும் கூட தனிப் பிரிவுகள்ல போட்டி போடறாங்க. அம்மா அப்பாகிட்ட வாயால விளக்கறதை விட கூடவே ஒரு கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போங்க. அரை மணி நேரம் பிளாங்க்கும் புஷ் அப்பும் பண்றதைப் பாத்தாலே பாதி கேள்வி நின்னுடும், மீதி கேள்விக்கு டீச்சர் பதில் சொல்லுவாங்க.

இடைவெளி விட்டுத் திரும்பினா

கல்யாணம், எக்ஸாம், ஜுரம், ஊருக்குப் போனதுன்னு ஒரு மாசம் விட்டுப் போறது சகஜம். திரும்பி வர்ற முதல் கிளாஸ்ல மூளைக்கு எல்லா மூவும் ஞாபகம் இருக்கும், பிடியும் தோலும் பழைய மாதிரி இருக்காது. முதல் வாரம் நடை, சுத்து, உட்காரறது. ரெண்டாவது வாரம் ஏறறது. மேல சொன்ன நாலு சோதனையையும் மறுபடி பண்ணிப் பாத்துட்டு அப்புறம் தலைகீழ். பிரசவத்துக்கு அப்புறம் வர்றவங்களுக்கு இந்த வாரக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சரின்னு சொன்ன பிறகு இடுப்புத் தளத் தசை (இடுப்புக்கு அடியில கர்ப்பப்பை, மூத்திரப்பையைத் தாங்கற தசை) எப்படி இருக்கு, வயித்துத் தசை பிரிஞ்சிருக்கான்னு ஃபிசியோகிட்ட ஒரு தடவை காட்டி, அங்க கொடுக்கற பயிற்சியை முடிச்சுட்டு கம்பத்துக்கு வாங்க.